கலைக் கல்லூரிக்கு போர்ட்ஃபோலியோ தயாரிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்துவிட்டு நுண்கலைக் கல்லூரிக்கோ டிசைன் படிப்புக்கோ போக நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் போர்ட்ஃபோலியோவை, அதாவது தங்கள் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றின் தொகுப்பை, கட்டிக்கொண்டு வந்து காட்டும்போது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கை வராததால் சறுக்குகிறவர்கள் குறைவு. வேலையை முன்பின்னாகச் செய்வதால்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். முதலில் அழகான ஃபைல் வாங்குவார்கள், அப்புறம் வீட்டில் இருக்கும் படங்களையெல்லாம் அதில் சொருகுவார்கள், யாரிடம் காட்டப்போகிறோம் என்பதைக் கடைசியில் யோசிப்பார்கள்.

கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள். ஃபைல் வாங்குவது கிட்டத்தட்ட கடைசி வேலை. விண்ணப்பத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்கினால்தான் 5ஆம் படிக்கு நேரம் இருக்கும். அந்தப் படியில்தான் போர்ட்ஃபோலியோவின் உயிர் இருக்கிறது.

1. யார் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே போர்ட்ஃபோலியோ செல்லாது. சில இடங்களில் போர்ட்ஃபோலியோவே கேட்க மாட்டார்கள்.

ஃபேஷன் படிப்புகளுக்கான தேசிய நிறுவனமான நிஃப்டின் பி.டெஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத்துத் தேர்வும், கொடுத்த பொருளை வைத்து அங்கேயே ஒன்றைச் செய்து காட்டும் சிச்சுவேஷன் டெஸ்டும்தான். ஐஐடிகளின் பி.டெஸ் படிப்புக்கான யூசீட் (UCEED) நுழைவுத் தேர்விலும் போர்ட்ஃபோலியோவுக்கு வேலை இல்லை. இவற்றை மட்டும் குறிவைப்பவர்கள் போர்ட்ஃபோலியோவுக்குச் செலவிடும் நேரத்தைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். தேசிய டிசைன் நிறுவனமான என்ஐடியின் எம்.டெஸ் (டிசைன் முதுநிலைப் பட்டம்) நேர்காணல், சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை எழுதிவிட்டு ஐஐடி போகும்போது நடக்கும் நேர்காணல் போன்றவற்றில் போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பார்கள். அதெல்லாம் பட்டம் முடித்த பிறகு வருவது.

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள், மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு சித்ரகலா பரிஷத் என்று நமக்கு எட்டும் தூரத்தில் பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் விதிமுறை வேறு. நேரில் உட்கார வைத்து வரையச் சொல்வார்களா, படங்களைக் கொண்டுவரச் சொல்வார்களா, இரண்டுமா, எத்தனை படம், என்ன அளவு என்பதையெல்லாம் அந்த ஆண்டின் ப்ராஸ்பெக்டஸைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள். முன்பு படித்த அண்ணன் சொன்னார் என்று போகாதீர்கள். அவர் சேர்ந்த ஆண்டின் விதி இந்த ஆண்டு இல்லாமல் போகலாம்.

துறையையும் இப்போதே தீர்மானியுங்கள். பெயின்டிங் துறைக்குப் போகிறவர் நிறத்தையும் உருவத்தையும் காட்ட வேண்டும். சிற்பத் துறை என்றால் களிமண்ணிலோ வேறு பொருளிலோ செய்த உருவங்கள் சில இருக்க வேண்டும். டெக்ஸ்டைல் டிசைனுக்கு, ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் இணைப்பு தெரியாமல் ஓடுகிற பேட்டர்ன்கள் வேண்டும். விஷுவல் கம்யூனிகேஷனுக்கு போஸ்டர், எழுத்து வடிவம், படத்தொடர். இது தெரியாமல் தொடங்கினால் 5ஆம் படியில் எதை வரைவது என்றே தெரியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் சில விஷயங்களில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

தாள்: பென்சில் வேலைக்கு 130 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கார்ட்ரிட்ஜ் தாள் போதும். வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் வேண்டும். சார்ட் அட்டையில் வாட்டர் கலர் போட்டால் தண்ணீர் பட்ட இடம் உப்பி, தாள் அலை அலையாகிவிடும். அதற்குப் பிறகு எப்படிப் படம் எடுத்தாலும் அந்த நிழல் தெரியும். நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் கார்ட்ரிட்ஜ் தாள் கிடைத்துவிடும். கனமான வாட்டர் கலர் தாளும் வரைவதற்கான நல்ல கரியும் (சார்கோல்) கிடைக்காவிட்டால், சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களிடம் சொல்லி மொத்தமாக வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் தாள் தீர்ந்து வேறு தாளுக்கு மாறினால் ஒரே தொடரில் இரண்டு வெள்ளை நிறம் வந்துவிடும்.

பென்சில்: எச்பி, 2பி, 4பி, 6பி. வெறும் எச்பியிலேயே முழுப் படத்தையும் முடிக்கப் பார்ப்பது நான் அதிகம் பார்க்கும் தவறு. எச்பியில் எவ்வளவு அழுத்தினாலும் ஆழமான கருமை வராது, தாள்தான் பளபளக்கும். கருமை இல்லாத படம் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் சாம்பலாகத் தெரியும். நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அவ்வளவு தூரம்தான்.

இவை தவிர ஏ4 அல்லது ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச் புக், பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய அழிப்பான், ஓரளவு நல்ல கேமரா உள்ள போன், கரிப் படங்களில் கரி உதிராமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ், படங்களுக்கு நடுவே வைக்க பட்டர் பேப்பர். ஃபிக்ஸேட்டிவுக்குப் பதில் ஹேர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இருக்கிறது. பயிற்சிப் படங்களுக்கு அடித்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாகத் தாள் மஞ்சளடிக்கும் என்பதால் போர்ட்ஃபோலியோவில் வைக்கும் படத்துக்கு வேண்டாம்.

3. வரைந்ததையெல்லாம் தரையில் பரப்புங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாப் படங்களையும் எடுங்கள். பள்ளிக்கூடத்துப் பரிசுப் படம், லோயர் கிரேடு, ஹையர் கிரேடு ஓவியத் தேர்வுக்குப் பழகிய தாள்கள், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியது எதையும் விடாதீர்கள். ஹாலில் பாய் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மாடி என்றால் காற்றில்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினால், எந்தப் படத்துக்கு எத்தனை நாள் உழைத்தோம் என்பதுதான் ஞாபகம் வரும். மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் எதில் பலம், எதில் இடைவெளி, எதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறோம் என்பது தெரியும். நின்றுகொண்டே பாருங்கள், உட்கார வேண்டாம். தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும் படங்களை மட்டும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் ஓவிய ஆசிரியரையோ, ஓரளவு ஓவியம் தெரிந்தவரையோ கூப்பிட்டு, "எதையெல்லாம் எடுத்துவிடலாம், சொல்லுங்க" என்று கேளுங்கள். "எது நல்லா இருக்கு?" என்று கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும்.

4. நீக்குங்கள்

மொத்தம் 15 முதல் 20 படங்கள் போதும். நிறுவனம் எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதேதான், ஒன்றுகூடக் கூட வேண்டாம். பலவீனமான ஒரு படம் பக்கத்தில் இருக்கும் நல்ல படத்தையும் சேர்த்துக் கீழே இழுக்கும். தேர்ந்தெடுக்கத் தெரிகிறதா என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

முதலில் வெளியே போக வேண்டியவை, போட்டோவைப் பார்த்து வரைந்த நடிகர் முகங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வருத்தம் வருகிறது. அவர்கள் அதிக நாள் உழைத்தது அதில்தான், ஊரில் அதிகம் பாராட்டு வாங்கியதும் அதுதான். அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

போட்டோவில் பாதி வேலையைக் கேமரா முடித்துவிடுகிறது. முப்பரிமாணத்தை இருபரிமாணமாக்குவது, வெளிச்சத்தைத் தேர்வது, எங்கே வெட்டுவது எல்லாமே அதில் அடங்கிவிட்டது. கட்டம் போட்டுக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றும்போது பொறுமை மட்டும்தான் தெரிகிறது. கல்லூரி பார்க்க நினைப்பது, ஒரு பொருளை முன்னால் வைத்தால் உங்கள் கண் என்ன செய்கிறது என்பதை.

அனுபவமுள்ளவருக்கு அந்தப் படம் பார்த்த உடனேயே தெரிந்துவிடும். கண், இமை, உதடு எல்லாம் நுணுக்கமாக இருக்கும். காது அவசரமாக முடிந்திருக்கும். கழுத்து சட்டைக்குள் எப்படிப் போகிறது என்பதில் குழப்பம் இருக்கும். முடி ஒரு கருப்புத் தொப்பியாக உட்கார்ந்திருக்கும். முகத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளை. அழிக்காமல் விட்ட கட்டக் கோடு ஒன்றிரண்டு தாடைக்குக் கீழே தென்படும்.

அப்படிப்பட்ட படம் ஒன்றே ஒன்றை, கைத்திறனைக் காட்ட, வைத்துக்கொள்ளலாம். அதுவும் நீங்களே எடுத்த போட்டோவாக, வீட்டு ஆளாக இருக்கட்டும்.

அடுத்து வெளியே போக வேண்டியவை: இணையத்தில் பார்த்து வரைந்த டிசைன்கள், கார்ட்டூன் உருவங்கள், ட்ரேஸ் எடுத்தவை, ஒரே மாதிரி மாலைச் சூரியன், தென்னை மரம், படகுக் காட்சிகள். ஏஐயில் உருவாக்கிய படத்தை உங்கள் வேலை என்று வைக்கவே வைக்காதீர்கள். எதிரே ஒரு பென்சிலை நீட்டி இதே மாதிரி ஒன்று வரையச் சொன்னால் அத்துடன் முடிந்தது.

பரிசு வாங்கிய படம் என்பதற்காக ஒன்றை வைக்காதீர்கள். சான்றிதழ்களைத் தனி உறையில் போடுங்கள், படங்களோடு கலக்க வேண்டாம்.

இதெல்லாம் முடித்த பிறகு பலரிடம் ஐந்தாறு படங்கள்தான் மிஞ்சும். பயப்பட வேண்டாம், அது நல்ல தொடக்கம்.

5. விடுபட்டதை வரைந்து நிரப்புங்கள்

இப்போது ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களை வைத்து வரைவது), மனித உருவம், கை கால் பயிற்சி, இடமும் பர்ஸ்பெக்டிவும் (தூரம் தெரியும்படி வரைவது), நிறம், கற்பனைக் காம்போசிஷன் (சொந்தமாக அமைத்த படம்), முப்பரிமாண வேலை. எது இல்லையோ அதை வரையுங்கள். உங்கள் துறைக்கு நெருக்கமானதில் மூன்று நான்கு, மற்றதில் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும்.

*ஸ்டில் லைஃப்.* வீட்டுச் சாமானே போதும். ஒரு குடம், ஒரு துணி, இரண்டு மாங்காய். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நாலா பக்கமும் வெளிச்சம் வந்தால் நிழல் எந்தப் பக்கம் என்று கண்ணுக்கே தெரியாது.

குடத்தில் ஏறக்குறைய எல்லாருமே ஒரே தவறைச் செய்கிறார்கள். வாயை நீள்வட்டமாக வரைந்துவிட்டு, அடியை நேர்கோடாக முடித்துவிடுகிறார்கள். தரையில் இருப்பதால் அடி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது. குடத்தைத் தரையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வாய் கண் மட்டத்துக்கு அருகே இருப்பதால் அந்த நீள்வட்டம் ஒடுங்கியிருக்கும். அடி இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயைவிட நன்றாக வயிறு தள்ளியிருக்கும். அந்த அடி வளைவு சரியாக அமைந்துவிட்டால் குடம் தரையில் உட்காரும், இல்லாவிட்டால் மிதக்கும். தேர்வாளர் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்டிகளுக்குப் போனால் ஸ்டில் லைஃபும் மனித உருவமும் ஒரே இடத்தில் கிடைக்கும். கிளிமூக்கு மாங்காயின் நுனி வளைவு, கிரேட் என்கிற பழப் பெட்டிகளின் அடுக்குகள், குனிந்து தரம் பிரிக்கும் முதுகுகள் என்று வரைய எவ்வளவோ இருக்கிறது. முதலில் மண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக உட்காருங்கள். லோடு இறக்கும் நேரத்தில் வழியில் உட்கார்ந்தால் அவர்களுக்கும் தொந்தரவு, உங்களுக்கும் படம் வராது.

*மனித உருவம்.* இதில்தான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய இடைவெளி. ஆளை நிறுத்தி வைத்து வரைகிற லைஃப் கிளாஸ் நம் ஊரில் கிடைப்பது கடினம். அதற்குப் பதில் ஒரே இடத்தில் நிற்கிற, உட்காருகிற ஆட்களைத் தேடுங்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், டீக்கடை பெஞ்ச், ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்திருப்பவர்கள், வார சந்தையில் கடை விரித்திருப்பவர்கள்.

இரண்டு நிமிடத்தில் ஒருவர் என்று வரையுங்கள். முகத்தில் தொடங்காதீர்கள். தலையிலிருந்து பாரம் தாங்கும் கால் வரை ஒரு கோடு, தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு, அப்புறம்தான் மற்றது. முகத்தில் தொடங்கினால் இரண்டு நிமிடமும் மூக்கிலேயே போய்விடும், பாதம் தாளுக்கு வெளியே விழும். கூடவே வீட்டில் தாத்தாவையோ பாட்டியையோ உட்கார வைத்து அரை மணி நேரப் படம் சிலவும் வரையுங்கள். தேர்வாளர் இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேகமும் தெரியும், பொறுமையும் தெரியும்.

மாசி, பங்குனி தொடங்கி நம் ஊர்களில் மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்தும் பாரத விழா நடக்கும். அதை விடாதீர்கள். கூத்து தொடங்குவதற்கு முன் நடிகர்கள் தாங்களே முகத்துக்கு அரிதாரம் பூசும் நேரத்தில், கண்ணாடியைப் பிடித்த கையும் சாய்ந்த தலையும் நீண்ட நேரம் அசையாமல் இருக்கும். கடைசி நாள் துரியோதனன் படுகளத்துக்காகத் தரையில் மண்ணால் பெரிய உருவம் செய்வார்கள். அது உருவாகிக்கொண்டிருக்கும்போது அதன் கால் பக்கத்தில் நின்று தலையை நோக்கி வரைந்து பாருங்கள். ஃபோர்ஷார்ட்டனிங் என்று பாடத்தில் சொல்வது கண்ணெதிரே கிடக்கும்: பாதம் பெரிதாக, முழங்கால் வரைக்குமான நீளம் சுருங்கி, தலை தூரத்தில் சின்னதாக. சிற்பத் துறைக்குப் போகிறவர்கள் அந்த மண் எப்படி ஏறுகிறது என்பதையும் படிப்படியாக வரைந்து வையுங்கள்.

*இடமும் பர்ஸ்பெக்டிவும்.* கண் மட்டக் கோட்டை முதலில் மெலிதாகப் போடுங்கள். தெருவை வரையும்போது ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிக் கண் மட்டம் வைத்துவிடுவது வழக்கமான தவறு. நின்று தொடங்கிவிட்டுப் பாதியில் கல்லில் உட்கார்ந்தாலே கண் மட்டம் இறங்கிவிடும். எனவே தொடங்கிய நிலையிலேயே முடியுங்கள்.

*பழைய கலையிலிருந்து கற்பது.* தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. நடுகல்லை வரையும்போது கோடுகளை மட்டும் நகலெடுக்காமல், புடைப்பு எவ்வளவு ஆழம், நிழல் எந்த விளிம்பில் விழுகிறது என்று பாருங்கள். கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள். இதுவும் பார்த்து வரைவதுதானே என்று கேட்கலாம். எதைப் பார்த்து, எங்கே, என்ன கற்றுக்கொள்ள வரைந்தேன் என்று படத்தின் கீழேயே எழுதினால் அது பயிற்சிப் படம். எழுதாமல் சொந்தக் கற்பனை மாதிரி வைத்தால் காப்பி.

*நிறமும் கற்பனையும்.* நிறத்துக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன்: ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும் சின்ன அளவில் வரையுங்கள். கே.ஆர்.பி. அணைக் கரை, வீட்டுப் பின்புறம், எதுவானாலும் சரி. மாலை நிழலுக்கும் கருப்பைக் கலந்தால் போதும் என்ற பழக்கம் இதில்தான் உடையும். கற்பனைப் படத்துக்கு "உலக அமைதி", "இயற்கையைக் காப்போம்" போன்ற போட்டித் தலைப்புகளை விட்டுவிடுங்கள். பால் ஸ்டாண்டுக்குப் போகும் விடிகாலை, தக்காளி விலை விழுந்த நாளில் பாலக்கோடு மார்க்கெட் என்று உங்களுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த விஷயத்தில்தான் யாரும் யோசிக்காத விவரம் ஒன்று தானாக வந்து விழும்.

விஷுவல் கம்யூனிகேஷனுக்குப் போகிறவர்கள் தமிழ் எழுத்து வடிவத்தில் ஒரு வேலையாவது வையுங்கள். கடைப் பலகைகளிலும் லாரிகளின் பின்புறத்திலும் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்து வரைந்து பழகி, பிறகு சொந்தமாக ஒரு போஸ்டர் செய்யலாம்.

6. ஸ்கெட்ச் புக்கை ஒளித்து வைக்காதீர்கள்

அழுக்காக இருக்கிறது, கோணலாக இருக்கிறது என்று பிள்ளைகள் ஸ்கெட்ச் புக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். முடிந்த படம் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லும். எப்படி யோசித்தீர்கள் என்பது ஸ்கெட்ச் புக்கில்தான் இருக்கிறது.

பெரிய படம் ஒன்றுக்காவது அதன் முன்வேலையையும் சேர்த்து வையுங்கள்: கட்டை விரல் அளவில் போட்டுப் பார்த்த நான்கைந்து அமைப்புகள், ஒரு கையின் பயிற்சி, நிறச் சோதனை. படம் முடிந்த பிறகு உட்கார்ந்து போலியாக முன்வேலை தயாரிக்காதீர்கள். அதில் தயக்கமே இருக்காது, எல்லாக் கோடும் முடிவைத் தெரிந்துகொண்டே போயிருக்கும்.

7. படங்களை போனில் சரியாக எடுங்கள்

நல்ல படத்தைக் கெடுக்கும் இடம் இதுதான். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது தேர்வாளர் பார்ப்பது ஓவியத்தையே அல்ல, நீங்கள் எடுத்த போட்டோவை.

வெளிச்சம்: காலை ஒன்பது, பத்து மணிக்கு, வெயில் நேரடியாகப் படாத வராந்தா அல்லது மாடி நிழல். வெயிலில் வைத்தால் தாளின் சொரசொரப்பெல்லாம் நிழலாக விழும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். பென்சில் கருமை ஈயம் மாதிரி மின்னும், நீங்கள் பாடுபட்டுப் போட்ட ஆழமான நிழல் போட்டோவில் வெள்ளையாகிவிடும். மின்னல் தெரிந்தால், வெளிச்சம் பக்கவாட்டில் சுமார் 45 பாகையில் வரும்படி படத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நிலை: படத்தைச் சுவரில் நேராக மாட்டி, போனைப் படத்தின் நடு உயரத்தில் பிடியுங்கள். மேலிருந்து சாய்த்து எடுத்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். மிக அருகில் போகாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். அருகில் இருந்து எடுத்தால் விளிம்புகள் வளையும். கேமராவில் கிரிட் கோடுகளை ஆன் செய்து, தாளின் விளிம்பை அதோடு ஒத்துப் பாருங்கள்.

வெளிச்ச அளவு: தாள் முழுக்க வெள்ளையாக இருந்தால் போன் அதைச் சாம்பலாக்கிவிடும். எதிரே இருப்பதைச் சராசரியாக நடுத்தரமாக்கிக் காட்டுவது கேமராவின் பழக்கம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை லேசாக ஏற்றுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும், அதே நேரம் மெல்லிய ஷேடிங் காணாமல் போகக் கூடாது. நீல வானத்தின் நிழலில் எடுத்தால் படம் நீலமடிக்கும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்துவிட்டு வெட்டிவிடுங்கள்.

டாக்குமென்ட் ஸ்கேன் செய்யும் ஆப்களில் ஓவியத்தை எடுக்காதீர்கள். எழுத்தைத் தெளிவாக்கத்தான் அவை இருக்கின்றன. நடுத்தரச் சாம்பல் நிறங்களையெல்லாம் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். ஒரு மணி நேரம் போட்ட ஷேடிங் போய் வெறும் கோடு மட்டும் நிற்கும்.

எடுத்த பிறகு விளிம்புகளைச் சரியாக வெட்டி, கோணலை நேராக்கினால் போதும். ஃபில்டர் வேண்டாம், கான்ட்ராஸ்டை ஏற்றவும் வேண்டாம். நேர்காணலில் அசலைப் பார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சிற்பம், களிமண் வேலை என்றால் முன், பக்கம், முக்கால் பக்கம் என்று மூன்று கோணங்களாவது எடுங்கள். பின்னால் ஒரே நிறத் துணி கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அளவு தெரிய ஒரு பொருளை வைத்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

8. வரிசைப்படுத்துங்கள்

தேதி வரிசையில் அடுக்கினால் உங்கள் மிகப் பலவீனமான படம் முதலில் வந்துவிடும். முதல் இடத்தில் வலுவான படம், கடைசி இடத்தில் அதற்கு இணையான படம். தொடக்கத்தில் பார்த்ததும் கடைசியில் பார்த்ததும்தான் நினைவில் நிற்கும். இரண்டாவது படம் முதல் படத்திலிருந்து நன்றாக வேறுபடட்டும். முதலில் கரிப் படம் என்றால் அடுத்தது நிறம்.

நடுவில் வகை வகையாகச் சேருங்கள். உருவங்கள் ஓரிடம், இடங்கள் ஓரிடம். எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் இரண்டு படங்களையும் சேர்த்துப் பாருங்கள். இடப்பக்கத்து உருவம் வெளிப்புறமாகப் பார்த்தால் கண் ஃபைலை விட்டே வெளியே போய்விடும். இடம் மாற்றினாலே சரியாகிவிடும்.

வரிசையை முடிவு செய்ய சின்னச் சின்னத் தாள்களில் படப் பெயரை எழுதித் தரையில் மாற்றி மாற்றி வையுங்கள். ஃபைலில் சொருகிய பிறகு மாற்ற யாருக்கும் மனசு வராது.

9. குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விவரம்: தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, ஆண்டு. "தக்காளி மார்க்கெட், ராயக்கோட்டை. தாளில் கரி. 42 × 59.4 செ.மீ. 2024." இவ்வளவுதான். அளவை எழுதியே ஆக வேண்டும். பிடிஎஃபில் உள்ளங்கை அளவு ஸ்கெட்சும் ஏ2 படமும் ஒரே மாதிரிதான் தெரியும். நேரில் பார்த்து வரைந்தது என்றால் அதையும் சேருங்கள். அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

படத்துக்குக் கவிதை எழுத வேண்டாம். தமிழ்நாட்டுக்கு வெளியே அனுப்பினால் ஆங்கிலத்திலும் குறிப்பு வையுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் எழுத்துப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள்.

10. பிடிஎஃபும் ஃபைலும்

பிடிஎஃப்: ஒரு பக்கத்துக்கு ஒரு படம், பின்னணி வெள்ளை, ஓரத்தில் குறிப்பு. பார்டர், பூ டிசைன் எதுவும் வேண்டாம். திரையில் பார்க்க நீளப் பக்கம் 2000 முதல் 2500 பிக்சல் இருந்தால் போதும். ஏ4 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 2480 × 3508 பிக்சல் தேவை. போனில் எடுத்த முழு அளவுப் படங்களைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டு, நகலை மட்டும் சிறிதாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் கொடுப்பதாக இருந்தால், லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, வீட்டில் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். உங்கள் போனில் எப்போதும் திறக்கும், அதனால் பூட்டியிருப்பது உங்களுக்குத் தெரியாது. ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் துறையும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். "ஃபைனல் நியூ 2" என்ற பெயரில் வரும் ஃபைல் யாருடையது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது.

கையில் கொண்டுபோகும் ஃபைல்: ஏ3 அளவில் கண்ணாடி உறை வைத்த டிஸ்பிளே ஃபைல் வசதி. பெரிய படங்களுக்குக் கனமான அட்டை இரண்டை வெட்டி, ஒரு பக்கம் துணி டேப் ஒட்டி, மற்ற பக்கங்களில் நாடா கட்டி நீங்களே செய்துகொள்ளலாம். படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியாது, பிரிக்கவும் முடியாது. பின்னால் முழுக்கப் பசை தடவி ஒட்டினால் தாள் சுருங்கும். மேல் மூலைகள் இரண்டில் மட்டும் இருபக்க டேப் போதும்.

சுருட்டிக் குழாயில் கொண்டுபோவதையும் தவிருங்கள். விரித்ததும் மறுபடி சுருண்டுகொள்ளும், பார்க்கிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும்.

11. கொண்டுபோவதும் காட்டுவதும்

தருமபுரிக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு பஸ்தான். பஸ்ஸில் ஏ2 ஃபைலை மேலே லக்கேஜ் கம்பியில் வைத்தால் யாராவது பையை அதன்மேல் வைப்பார்கள். மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள் அல்லது ஜன்னல் பக்கம் காலோடு சாய்த்து வையுங்கள். முழு ஃபைலையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

நேர்காணலில் அவர்களே புரட்டட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே போகாதீர்கள். கேட்டால் மட்டும் பேசுங்கள். "இதை ஏன் வரைந்தாய்?" என்பது எப்படியும் வரும். "எனக்குச் சின்ன வயதிலிருந்து ஓவியம் பிடிக்கும்" என்று சொன்னால் அடுத்த கேள்விக்கு அங்கே வழியில்லை. "கிரேட் அடுக்கு ஆளைவிட உயரமாக இருந்தது, அதனால் ஆளைச் சின்னதாக்கிப் பார்த்தேன்" என்றால் அங்கிருந்து பேச்சு தொடரும். ஐந்து படங்களுக்காவது இப்படி ஒரு வரியை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெங்களூரு போகிறவர்கள் அதையே எளிய ஆங்கிலத்திலும் சொல்லிப் பாருங்கள்.

எந்தப் படத்தில் என்ன குறை என்றும் கேட்பார்கள். குறையே இல்லை என்றும் சொல்லாதீர்கள், எல்லாமே குறைதான் என்றும் சொல்லாதீர்கள். "இந்தக் கை தோளோடு சரியாகச் சேரவில்லை, அதனால் அடுத்த பக்கத்தில் மறுபடி வரைந்தேன்" என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அந்த அடுத்த பக்கம் ஸ்கெட்ச் புக்கில் இருக்க வேண்டும்.

கூடவே பென்சில் பெட்டி, நான்கைந்து வெற்றுத் தாள், கிளிப் வைத்த ஒரு அட்டை ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். அங்கேயே ஒன்றை வரைந்து காட்டச் சொல்லலாம். பிடிஎஃபை போனிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், நெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.